மேலேயா, கீழேயா?

இன்று பிரெஞ்சு வகுப்பில் ஒருவர் "மேலே" (au-dessus) என்று சொல்ல நினைத்து "கீழே" (au-dessous) என்று சொல்லிவிட்டார்.

தவறியது ஒரே ஒரு உயிரொலி. கீழே என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லின் கடைசியில் வருவது நம் ஊ மாதிரி. மேலே என்பதற்கான சொல்லில் வருவது நம்மிடம் இல்லாதது.

ஈ என்று இழுங்கள். நாக்கு நுனி கீழ்ப்பல்லைத் தொட்டபடி இருக்கட்டும். நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் விசிலடிக்கிற மாதிரி குவியுங்கள். அதுதான்.

'யூ' என்று வந்தால், உதடு குவியும்போது நாக்கும் பின்னால் ஓடிவிட்டது என்று அர்த்தம். மூன்று விநாடி ஒரே ஒலியாகப் பிடித்துப் பாருங்கள்; நழுவுவது காதிலேயே தெரியும்.

வேடிக்கை என்னவென்றால், 'காசு' என்பதன் கடைசி உகரம் இதற்கு நேர் எதிர். அங்கே நாக்கு பின்னால், உதடு குவியாது!

ஜெர்மனிலும் இதே வித்தை. நாக்கை ஏ-யில் வைத்து உதட்டை ஓ-வாக்கினால், "ஏற்கெனவே" என்ற 'ஷோன்' "அழகு" ஆகிவிடும்.

ஸ்பானிஷில் மொத்தமே ஐந்து உயிர். இந்த இரண்டும் கிடையாது. மாட்ரிட்காரரும் நம்மைப்போலவே தடுமாறுவார்.

பழைய ஏதென்ஸின் கிரேக்கத்தில் அந்த பிரெஞ்சு "மேலே" ஒலி இருந்தது. இன்றைய கிரேக்கத்தில் அது வெறும் ஈ.