பழைய ஆம்ப்ளிஃபயர திறக்கறதா, அப்படியே விடறதா

எங்க வீட்டு ஹால்ல இப்ப மூணு ஆம்ப்ளிஃபயர் இருக்கு, மூணும் செகண்ட் ஹேண்ட், மூணுக்கும் கிட்டத்தட்ட என் வயசு. "பாட்டு கேக்க ஒன்னு பத்தாதா, மூணு எதுக்கு?"ன்னு வீட்ல கேப்பாங்க, அதுக்கு எங்கிட்ட இன்னிக்கு வரைக்கும் ஒழுங்கான பதில் இல்ல. ஆனா இன்னொரு கேள்விக்கு கொஞ்சம் பதில் சேர்ந்திருக்கு. பழைய செட்ட வாங்கிட்டு வந்தவுடனே சர்வீஸுக்கு குடுக்கணுமா, இல்ல பாடுற வரைக்கும் பாடட்டும்னு விட்டுடணுமா?

இதுல ரெண்டு கட்சி இருக்கு. ஒன்னு, "பாடுதுல்ல, அப்பறம் எதுக்கு கைய வைக்கற" கட்சி. இன்னொன்னு, "நாப்பது வருஷம் ஆச்சு, உள்ள இருக்கற கெப்பாசிட்டர் மொத்தத்தையும் மாத்து" கட்சி. (கெப்பாசிட்டர்னா கரண்ட சேத்து வச்சு விடற குட்டி டப்பா.) நான் ரெண்டு கட்சியிலயும் இருந்து ரெண்டுலயும் அடி வாங்கிட்டு வந்தவன்.

மொதல்ல வாங்கினது நேட் (NAD) 3020. அண்ணா நகர்ல ஒரு ரிட்டயர்டு டாக்டர், லண்டன்ல படிக்கும்போது வாங்கினதாம், வீடு மாத்தறாங்கன்னு குடுத்தாரு, 9,000 ரூபா. பாத்தா ஆபீஸ் ஸ்டேப்ளர் மாதிரி சாம்பல் கலர்ல, ஒரு அலங்காரமும் இல்லாம இருக்கும். 1978ல வந்த மாடல், டிசைன் பண்ணது எரிக் எட்வர்ட்சன்னு ஒரு நார்வேக்காரர், காகிதத்துல சேனலுக்கு வெறும் 20 வாட்ஸ். ஆனா ஓம்ஸ் கம்மியா இருக்கற, அதாவது கரண்ட் அதிகமா இழுக்கற ஸ்பீக்கர மாட்டினாலும் மூச்சு வாங்காம தள்ளும், அதனாலதான் அது பேர் வாங்குச்சு. வந்த மொத வாரம் ராஜாவோட பழைய எல்.பி. ஒன்னு போட்டு உக்காந்தேன், பாதி பாட்டுல லெஃப்ட் சேனல் போயிடுச்சு. வால்யூம் குமிழ தட்டினா வருது, ஒரு நிமிஷம் கழிச்சு மறுபடி போகுது.

பயந்து ஒரு கடைக்கு தூக்கிட்டு போனேன் (எந்தக் கடைன்னு கேக்காதீங்க). அவரு மூடிய கூட கழட்டல, "அவுட்புட் ட்ரான்சிஸ்டர் போயிருக்கு சார், கெப்பாசிட்டரும் எல்லாம் மாத்திரலாம், 6,500 ஆகும்"னாரு. (ஸ்பீக்கர தள்றதே அந்த ட்ரான்சிஸ்டர்தான்.) காசு கையில இல்லாததால திரும்பி வந்தேன், அதுதான் நான் பண்ண நல்ல காரியம். இந்த செட்டுக்கு பின்னாடி ப்ரீ அவுட், மெயின் இன்னுன்னு ரெண்டு ஜோடி சாக்கெட் இருக்கும், அத சேத்து வைக்க கம்பிய யு மாதிரி வளச்சு ரெண்டு லிங்க் சொருகியிருப்பாங்க. சிக்னல் மொத்தமும் அந்த ரெண்டு கம்பி வழியாத்தான் போகணும். நாப்பது வருஷத்துல அந்தக் கம்பி மேல கருப்பு படிஞ்சு போயிருக்கு, அவ்ளோதான் விஷயம். பையனோட பென்சில் பாக்ஸ்ல இருந்த ரப்பர எடுத்து நல்லா தேச்சு திரும்ப சொருகினேன், அன்னிக்கு வந்த லெஃப்ட் சேனல் இன்னி வரைக்கும் போகல. செலவு ஒரு ரப்பர்ல பாதி.

அன்னிக்கே நான் "கைய வைக்காத" கட்சியில சேந்துட்டேன், யார் கேட்டாலும் "மொதல்ல தொடச்சு பாரு"ன்னு ஒரே பல்லவி.

அந்த திமிர்லதான் ரெண்டாவது செட்டுகிட்ட மாட்டினேன். சான்சூய் ஏ.யூ-317, எழுபதுகளோட கடைசியில வந்தது, சேனலுக்கு 50 வாட்ஸ். கீழக்கரை பக்கம் ஒரு வீட்ல, அந்த வீட்டு பெரியவர் வளைகுடாவுல வேல பாத்துட்டு வரும்போது கொண்டு வந்தது, மேல போட்ட லேஸ் துணி கூட அப்படியே இருந்துச்சு. 14,000 குடுத்தேன். பாடுச்சுன்னா அப்படி பாடுச்சு, எட்டு மாசம் மூடிய திறந்து கூட பாக்கல. ஒரு நாள் ராத்திரி உள்ள டிக்னு ஒரு சத்தம், பாட்டு நின்னுச்சு, ரெண்டு செகண்டுல டிக், திரும்ப வந்துச்சு. அது ஸ்பீக்கர் ரிலே. உள்ள ஏதாவது தப்பா போனா ஸ்பீக்கர காப்பாத்த லைன கட் பண்ற வாட்ச்மேன்னு வச்சுக்கங்க. நான் என்ன பண்ணேன்னா, ரிலே காண்டாக்ட் அழுக்கா இருக்கும், தொடச்சா சரியாயிடும்னு நெனச்சேன். நேட் சொல்லிக் குடுத்த பாடம் அப்படி.

நல்லவேளை தொடைக்கறதுக்கு முன்னாடி ஸ்பீக்கர கழட்டிட்டு மல்டிமீட்டர வச்சேன். ஸ்பீக்கர் டெர்மினல்ல டி.சி. வோல்டேஜ் கிட்டத்தட்ட பூஜ்யமா இருக்கணும், 50 மில்லிவோல்ட்டுக்குள்ள இருந்தா நிம்மதியா தூங்கலாம். இதுல லெஃப்ட் 12. ரைட்டு போட்டவுடனே 40, அரை மணி நேரத்துல 300, நடுவுல திடீர்னு ஒரு வோல்ட்ட தாண்டி குதிக்குது, அப்பதான் டிக். ஆக வாட்ச்மேன் மேல தப்பே இல்ல, அவன் உள்ள திருடன பாத்துத்தான் விசில் ஊதியிருக்கான், நான் அவன் விசில புடுங்கப் பாத்தேன்.

மைலாப்பூர்ல ஒரு பெரியவர் இருக்காரு, வால்வ் ரேடியோ காலத்துல இருந்து இந்த வேல பாக்கறவரு, இப்ப கடையெல்லாம் இல்ல, வீட்டு மாடியில தெரிஞ்சவங்களுக்கு மட்டும். அவர்கிட்ட கொண்டு போனேன். மூடிய கழட்டினவுடனே ஒரு எடத்த காட்டினாரு, "தம்பி, இது என்னன்னு தெரியுதா?" போர்டு மேல கெப்பாசிட்டர சுத்தி கருப்பட்டி பாகு ஊத்தின மாதிரி ஏதோ இருந்துச்சு. ஃபேக்டரியில பார்ட்ஸ் ஆடாம இருக்க ஊத்தின பசை அது. புதுசா இருக்கும்போது வெளிர் நிறம், ஒரு தொந்தரவும் இல்ல. வருஷக்கணக்கா சூடு பட்டு பட்டு கருத்துப் போச்சுன்னா கரண்ட் கடத்த ஆரம்பிச்சுடும், பக்கத்துல இருக்கற ரெசிஸ்டர் கால், டயோடு கால் எல்லாத்தையும் கரையான் மாதிரி அரிச்சுடும். அந்தக் கால ஜப்பான் செட்டு நெறையதுல இது உண்டு, சான்சூய்ல ரொம்பவே பாக்கலாம். இதுக்கு "பாடுதுல்ல"ங்கற வாதம் செல்லாது. பாடிக்கிட்டே இருக்கும்போதே உள்ள அரிச்சுக்கிட்டு இருக்கும்.

அவரு ஈர்க்குச்சியும் ஆல்கஹாலும் வச்சு ரெண்டு வாரம் சுரண்டினாரு. அரிச்சுப் போன ரெசிஸ்டர் நாலு, இன்புட்ல ஜோடியா வர்ற ட்ரான்சிஸ்டர் ரெண்டு, ரிலே, சின்ன கெப்பாசிட்டர் இருபத்திரெண்டு, மொத்தம் 4,800 ஆச்சு. உள்ள வர்ற கரண்ட சீராக்கற பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர் ரெண்டையும் மாத்திடுங்கன்னு நானே சொன்னேன், ஏன்னா நான் இப்ப பயந்து போய் அந்தப் பக்கத்து கட்சிக்கு தாவிட்டேன். அவரு கெப்பாசிட்டர் நல்லாருக்கான்னு சொல்ற ஈ.எஸ்.ஆர். மீட்டர வச்சு காட்டிட்டு, "பெருசு ரெண்டும் கல்லு மாதிரி இருக்கு, நல்லாருக்கறத கழட்டிட்டு புதுசா எதையோ போட சொல்றியே, அந்தப் புதுசு எங்க செஞ்சதுன்னு உனக்குத் தெரியுமா?"ன்னு கேட்டாரு.

நியாயமான கேள்வி. பேர் பெத்த கம்பெனி லேபிள் ஒட்டின பெரிய டப்பாக்குள்ள சின்ன கெப்பாசிட்டர ஒளிச்சு வச்ச டூப்ளிகேட் எல்லாம் மார்க்கெட்ல சுத்துது. ட்ரான்சிஸ்டர் கதை அத விட மோசம், பழைய ஜப்பான் நம்பர் பாதிக்கு மேல இப்ப தயாரிப்பே இல்ல, ஆனா கேட்டா மட்டும் எடுத்துக் குடுப்பாங்க. என் ஃப்ரெண்டு ஒருத்தன் நல்லா பாடிட்டு இருந்த செட்ட "எதுக்கும் இருக்கட்டும்"னு குடுத்து எல்லாத்தையும் மாத்தினான், திரும்பி வந்ததுல இருந்து ஒரு ஹம், அது இன்னும் போகல.

கெப்பாசிட்டர் ஆயுசு பத்தி ஒரு கணக்கு சொல்றேன், இத போட்டு பாத்து நானே குழம்பியிருக்கேன். உள்ள இருக்கற திரவம் அடியில இருக்கற ரப்பர் மூடி வழியா மெல்ல மெல்ல ஆவியாகுது, சூடு பத்து டிகிரி கொறஞ்சா ஆயுசு ரெட்டிப்பாகும்ங்கறது பொதுவான கணக்கு. 85 டிகிரியில 2,000 மணி நேரம்னு போட்ட கெப்பாசிட்டர் 45 டிகிரியில ஓடினா 32,000 மணி நேரம். தெனம் நாலு மணி நேரம் பாட்டு கேட்டா இருபத்திரெண்டு வருஷம். அப்படின்னா 1980 செட்டு 2002லயே செத்திருக்கணும். ஆனா ஞாயித்துக்கெழம மட்டும் போட்ட வீட்டு செட்டும், டீக்கடையில காலையில இருந்து ராத்திரி வரைக்கும் பாடின செட்டும் ஒன்னா? சூட்ட வெளியேத்தற ஹீட் சிங்க்க ஒட்டி இருக்கற குட்டி கெப்பாசிட்டர் வெந்து போயிருக்கும், அதே போர்டுல மூலையில இருக்கறது இன்னும் புதுசு மாதிரி இருக்கும். அதனால வருஷத்த வச்சு முடிவு பண்றது எனக்கு ஜாதகம் பாக்கற மாதிரிதான் தெரியுது.

இப்ப எது வந்தாலும் நான் பண்றது இதுதான். நேரா ப்ளக்ல சொருக மாட்டேன். மொதல்ல பின்னாடி வோல்டேஜ் பாப்பேன், ஜப்பான்லயே விக்க செஞ்சதுன்னா 100 வோல்ட், நம்ம 230ல போட்டா கதை அங்கேயே முடிஞ்சுது. அப்பறம் ஃபியூஸ். நம்ம ஊர் செட்டுல ஃபியூஸ் இருக்கற எடத்துல யாராவது ஒரு காலத்துல கம்பி சுத்தியிருப்பான், சிகரெட் பாக்கெட் ஜிகினா பேப்பர் சுத்தினது கூட பாத்திருக்கேன். அதுக்கப்பறம் எலக்ட்ரீஷியன் வச்சிருப்பாங்களே சீரிஸ் போர்டு, அதுல பழைய குண்டு பல்பு ஒன்னு மாட்டி அது வழியா கரண்ட் குடுப்பேன். பல்பு பளிச்சுன்னு எரிஞ்சு உடனே மங்கிடுச்சுன்னா சரி, ஃபில்டர் கெப்பாசிட்டர் நெறஞ்சிருக்குன்னு அர்த்தம். மங்காம எரிஞ்சுக்கிட்டே இருந்தா உள்ள எங்கயோ ஷார்ட், செட்டுக்கு பதிலா பல்பு அடிய வாங்கிக்கிச்சு. (குண்டு பல்பு இப்ப கெடைக்கறதே கஷ்டம், பாத்த எடத்துல ரெண்டு வாங்கி வச்சுக்கங்க, எல்.இ.டி. பல்பு இதுக்கு உதவாது.) பல வருஷமா பரண்ல கெடந்த செட்டுன்னா டிம்மர்ஸ்டாட் (வோல்டேஜ ஏத்தி எறக்கற பெட்டி) இருக்கறவங்ககிட்ட கொண்டு போய் வோல்டேஜ கொஞ்சம் கொஞ்சமா ஏத்த சொல்றது நல்லது, சும்மா கெடந்த கெப்பாசிட்டருக்கு உள்பூச்சு மெலிஞ்சிருக்கும், எடுத்தவுடனே முழு வோல்டேஜ தாங்காது.

அதுக்கப்பறம் டி.சி. மீட்டர். அப்பறம் வால்யூம பூஜ்யத்துல வச்சு ஸ்பீக்கர்ல காத வைக்கறது, நம்ம லைன் 50 சைக்கிள் (ஹெர்ட்ஸ்), ஃபில்டர் கெப்பாசிட்டர் தளந்து போச்சுன்னா வர்ற ஹம் 100 சைக்கிள், கொஞ்சம் கரகரன்னு இருக்கும், ரெண்டு மூணு தடவ கேட்டா வித்தியாசம் பிடிபடும். கடைசியா ஒரு மணி நேரம் ஓட விட்டு ஹீட் சிங்க்க தொட்டு பாப்பேன், ஒரு பக்கம் வெதுவெதுன்னும் இன்னொரு பக்கம் தொட முடியாமலும் இருந்தா நானா எந்த குட்டி ப்ரீசெட்டையும் (உள்ள கரண்ட செட் பண்ற திருகு) திருக மாட்டேன், பெரியவர் வீட்டு மாடிப்படிதான். அந்த ப்ரீசெட் பழசாகி உள்ள தொடர்பு விட்டுச்சுன்னா நெறைய சர்க்யூட்ல அவுட்புட் ட்ரான்சிஸ்டர் ஒரே நொடியில போயிடும். மத்தபடி வால்யூம் திருப்பும்போது கரகரன்னுது, சுவிட்ச தட்டினா வருதுன்னா அது காண்டாக்ட் க்ளீனர் வேலை, அத சர்வீஸ்னே நான் கணக்குல எடுக்கறதில்ல.

மூணாவது செட்ட பத்தி சொல்ல பெருசா ஒன்னும் இல்ல. எண்பதுகள்ல நம்ம நாட்டுல செஞ்சது, உள்ள எஸ்.டி.கே.ன்னு ஒரு ஆம்ப்ளிஃபயர் ஐ.சி. (சிப்) ஒன்னுதான் எல்லாமே, அது போச்சு. ஒரிஜினல் எங்கயும் இல்ல, வாங்கிப் போட்ட ரெண்டு டூப்ளிகேட்டும் ஒரு மாசம் கூட தாங்கல. அத சரி பண்ற முயற்சிய நிறுத்திட்டேன், அதுமேல இப்ப டர்ன்டேபிள் உக்காந்திருக்கு, கேபினட் நல்ல கனமான மரம்.

சான்சூய திருப்பி எடுக்கப் போனப்ப பெரியவர் கழட்டின பார்ட்ஸ் எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு குடுத்தாரு, நான் கேக்கவே இல்ல. மூடிக்கு உள்பக்கம் ஒரு துண்டு பேப்பர ஒட்டி தேதி, டி.சி. மில்லிவோல்ட் லெஃப்ட் எவ்ளோ, ரைட் எவ்ளோன்னு பால்பாயின்ட்ல எழுதியிருந்தாரு. அத பாத்துட்டு வந்து நேட்டுக்கும் அதே மாதிரி ஒட்டினேன். நேட்ல மொத தடவ லெஃப்ட் 18, ரைட் 31. போன பொங்கலுக்கு லெஃப்ட் அதே 18, ரைட் 34. கெப்பாசிட்டர் எல்லாம் இன்னும் அந்த டாக்டர் லண்டன்ல வாங்கினப்ப இருந்த அதே கெப்பாசிட்டர்தான். வர்ற பொங்கலுக்கு மறுபடி மீட்டர வைக்கணும்.