மணல் மாதிரியில் பழகிய முடிவுகள்

நம் பள்ளியின் தேசிய மாணவர் படையில் இருந்தவர்களுக்குச் சனிக்கிழமை அணிவகுப்பு முடிந்து கிடைத்த புரோட்டாவும் சால்னாவும் மறந்திருக்காது. எனக்கு அதைவிட ஆழமாகப் பதிந்திருப்பது, அதற்கு முன் வேப்பமரத்தடியில் நடந்த மணல் மாதிரி வகுப்பு. மதராஸ் ரெஜிமெண்டிலிருந்து பயிற்றுநராக வந்திருந்த ஹவில்தாரை, படை வழக்கப்படி, நாங்கள் ‘உஸ்தாத்’ என்றே அழைத்தோம். அவர் மணலைக் குவித்து, தாமிரபரணியை நீலக் கோலப்பொடியாலும், ரயில் பாதையைச் சணல் கயிற்றாலும், பனங்காட்டை வேப்பங்குச்சிகளாலும் அமைப்பார். பிறகு எங்களில் ஒருவனை எழுப்பிக் கேட்பார்: “பாலம் போயிட்டு. வயர்லெஸ் கேக்கல. உன்கூட ஒம்பது பேரு, அதுல ஒருத்தனுக்குக் கால் முறிஞ்சிருக்கு. அக்கரையில ஊரு தண்ணிக்குள்ள கெடக்கு. சொல்லுல, என்ன செய்யப் போற?”

தவறான விடைக்கு அவர் கோபித்து நான் கண்டதில்லை; “ஏன் அப்படி?” என்று மட்டும் கேட்பார். வாய் திறக்காமல் நின்றவனைத்தான் உட்காரவிடமாட்டார். விடை வந்ததும் நீலப்பொடியை விரலால் கரைக்கு மேலே இழுத்துவிட்டு, “இப்போ தண்ணி இன்னும் ஏறிட்டு” என்பார். அதுவரை சொன்ன விடையில் எது நிற்கும், எது நிற்காது என்பதை அவனே எண்ணிப் பார்க்க வேண்டும்.

சென்னைப் பரங்கிமலையில் 1963 முதல் இயங்கிவரும் அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் சேர்ந்தபோது, அந்த வேப்பமரத்தடி வகுப்பு எவ்வளவு முறையானது என்பதை உணர்ந்தேன். அங்கும் மணல் மாதிரி உண்டு. கேள்விகளும் அதே போக்கில்தான் இருந்தன. நோக்கம் என்ன, நிலம் எப்படி, கையில் உள்ள ஆள்பலமும் நேரமும் எவ்வளவு என்று வரிசையாக எடைபோட்டு முடிவுக்கு வரும் முறையைக் கற்பித்தார்கள். கற்பித்ததோடு விடாமல், இரவெல்லாம் சுமையுடன் நடக்கவைத்து, விடியும்போது புதியதொரு சிக்கலைக் கையில் கொடுத்தார்கள். நெருக்கடியில் மனிதனின் பார்வை குறுகுகிறது, காது மந்தமாகிறது, விரல்கள் நுண்ணிய வேலைக்கு மறுக்கின்றன. ஆகவே துப்பாக்கி அடைத்துக்கொண்டால் சரிசெய்வது, இரத்தப்போக்கைக் கட்டுவது போன்றவற்றைக் கை தானாகச் செய்யும்வரை பழக்கிவிட வேண்டும். அப்போதுதான் முடிவெடுப்பதற்கு மனம் மிஞ்சும்.

1980களில் அமெரிக்க உளவியலாளர் கேரி கிளைன், தீயணைப்புக் குழுத் தலைவர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று ஆராய்ந்தார். அவர்களில் பெரும்பாலோர் பல வழிகளை அருகருகே வைத்து ஒப்பிடவில்லை. முன்பு கண்ட நிலைமைகளைக் கொண்டு இப்போதைய நிலைமையை இனங்கண்டு, முதலில் தோன்றிய வழி நடக்குமா என்று மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார்கள். இது உண்மையென்றால், வீரனுக்கு நாம் தரவேண்டியது விதவிதமான நிலைமைகளின் பழக்கம். ஆசிரியர் கையில் ஒரே ‘சரியான விடை’யை வைத்துக்கொண்டு நடத்தும் வகுப்பு அந்தப் பழக்கத்தைக் கெடுக்கிறது என்பது, பயிற்சி பெற்றும் அளித்தும் நான் அடைந்த உறுதியான எண்ணம்.

அதிகாரிகளுக்கு மட்டும் இப்பயிற்சி போதும் என்று நினைப்போரும் உண்டு. ஆனால் பத்துப் பேர் கொண்ட ஒரு செக்‌ஷன் என்னும் சிறு குழுவை நடத்துபவர், அதிகாரியல்லாத ஹவில்தாரோ நாயக்கோதான். தொடர்பு அறுந்த வேளையில் அவர் சொல்வதே கட்டளை. கட்டளை வழங்கும்போது நோக்கத்தை இரண்டு முறை உரக்கச் சொல்லும் வழக்கத்தின் காரணமும் இதுவே. அதிகாரி வீழ்ந்தாலும், கடைசிச் சிப்பாய்க்குக்கூட எதற்காகப் போகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

இப்படி முன்கூட்டியே முடிவெடுத்து வைப்பது நெல்லைச் சீமைக்குப் புதிதன்று. ஆற்றுக்குள் நிற்கும் குறுக்குத்துறை முருகன் கோயிலில், வெள்ளம் வரும் அறிகுறி தெரிந்தால் உற்சவரை மேலக்கோயிலுக்கு எழுந்தருளச் செய்துவிடுவார்கள். எப்போது, எங்கே என்ற விவாதத்துக்கு அங்கே இடமில்லை. அந்த முடிவு தலைமுறைகளுக்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் இருபத்துநான்கு மணி நேரத்தில் ஏறக்குறைய 95 செ.மீ. மழை கொட்டியபோது, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு ரயில், சுமார் 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. செய்துங்கநல்லூர் வரையிலான பாதையில் ஜல்லி அரித்துச் செல்லப்பட்டுத் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. ஹெலிகாப்டரும் மீட்புப் படையினரும் வந்து சேர்ந்தது பின்னால். அந்த இரவு ரயிலை மேலே செல்லவிடாத முடிவே அத்தனை உயிர்களையும் காத்தது. வெளியூரிலிருந்து வரும் படை எவ்வளவு திறமையானதாயினும், முதல் சில மணி நேரம் அந்த இடத்தில் இருப்பவர்களுடையதே.

அயல்நாட்டில் வாழும் நம் முன்னாள் மாணவர் சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். பள்ளியின் மாணவர் படைக்கு நீங்கள் அனுப்பும் தொகையில் ஒரு பகுதியை, நிலையான மணல் மாதிரி அறைக்கும், முதலுதவிக் கருவிகளுக்கும், வெள்ளக் காலச் சூழ்நிலைப் பயிற்சிக்கும் ஒதுக்குங்கள். நம் மாவட்டத்தில் ஓய்வுபெற்ற ஹவில்தார்களும் சுபேதார்களும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். முறைப்படி அழைத்தால் சனிக்கிழமைகளில் வந்து நடத்தித் தருவார்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் முதல் வகுப்பு நடந்துவிட வேண்டும்.