பழி யார் மேல்?

தொண்டியில் கணினி மையம் வைத்திருக்கிறேன். மீன் விற்கும் அக்கா ஒருவர், செதில் ஒட்டிய போனை நீட்டினார். அவர் துணி வாங்கிய தளம், தகவல் கசிந்துவிட்டதாக மின்னஞ்சல் அனுப்பியிருந்தது. அப்புறம் எவனோ அவர் பெயர், முகவரியெல்லாம் சொல்லி ஓடிபி கேட்டிருக்கிறான். “நீ ஏம்மா நம்பரக் கொடுத்தே?” என்று பக்கத்தில் நின்றவர் திட்டினார். எனக்குப் பொறுக்கவில்லை.

திருடியவன் குற்றவாளிதான், சரி. ஆனால் 2009-இல் ராக்யூ (RockYou) என்ற அமெரிக்க இணையதளம் 3 கோடிக்கும் மேற்பட்ட கடவுச்சொற்களைக் குறியாக்கம் செய்யாமல் அப்படியே வைத்திருந்து பறிகொடுத்ததே, அதற்குப் பயனர் என்ன செய்வார்? நம் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாக்கத் தவறிய நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. அந்தப் பணம் அரசின் தொகுப்பு நிதிக்குத்தான் போகும். அக்காவுக்கும் அதில் பங்கு வேண்டும்.