ஞாயிறு காலை எட்டு மணி, கூகா

போன ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வழக்கம்போல அலாரம் அடித்தது. எழுந்து ஹெட்போனைத் தேடும்போதுதான் ஞாபகம் வந்தது, கூகா முடிந்துவிட்டது. ஒரு வருஷத்துக்கு மேலான பழக்கம். கொஞ்ச நேரம் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் நோட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தேன். அதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக: 'காமென் ரைடர் கூகா' ஜப்பானில் டிவி அசாஹியில் 2000 ஜனவரி 30 முதல் 2001 ஜனவரி 21 வரை, ஞாயிறு காலை எட்டு மணிக்கு வந்த தொடர். 49 எபிசோடுகள். காமென் ரைடர் என்பது 1971இல் ஷோட்டாரோ இஷினோமோரி தொடங்கி வைத்த சூப்பர்ஹீரோ வரிசை. பூச்சி முகமூடி, இடுப்பில் பெல்ட், ஒரு மோட்டார் சைக்கிள். 1989இல் 'பிளாக் ஆர்எக்ஸ்' முடிந்த பிறகு பத்து வருஷம் டிவியில் புதுத் தொடர் வரவில்லை. இஷினோமோரி 1998 ஜனவரியில் இறந்துபோனார். கூகாவை அவர் பார்க்கவே இல்லை என்பது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

முடிவு தெரியக் கூடாது என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். பார்த்துவிட்டு வாருங்கள், பேசலாம்.

நான் தஞ்சாவூரில் யுகேஜி டீச்சர். தம்பிக்கு ஓசூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. கூகா பார்க்கலாம் என்றது அவன்தான். வாரம் ஒன்றுதான், அதுவும் ஜப்பானில் வந்த மாதிரி ஞாயிறு காலை எட்டு மணிக்குத்தான் என்று நிபந்தனை போட்டதும் அவன்தான். அவன் அங்கே, நான் இங்கே, ஒரே நேரத்தில் ஓடவிடுவோம். முடிந்ததும் போன். அவனுக்கு ஞாயிறு ஷிஃப்ட் வந்த வாரங்களில் தள்ளிப்போட்டதால் 49 எபிசோடுக்கு 53 வாரம் ஆனது.

எபிசோடுகளின் தலைப்பு எல்லாமே இரண்டிரண்டு கான்ஜி எழுத்துகள், அதாவது ஜப்பானியர் பயன்படுத்தும் சீன எழுத்துகள். 'மறுபிறப்பு', 'உருமாற்றம்', 'டோக்கியோ' என்று ஒற்றைச் சொல்லாக இருக்கும். ஒவ்வொரு வாரமும் அதைப் பார்த்து நோட்டில் வரைந்துகொள்வேன். எழுதினேன் என்று சொல்ல முடியாது, வரைந்தேன். 49 தலைப்புக்கு 98 எழுத்து. பக்கத்தில் நாலு வரி குறிப்பு. தம்பி சொன்னது தனியாகப் பச்சை மையில். ஓரத்தில் 'சிரிப்பு' என்று ஒரு பத்தி போட்டிருந்தேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

கதை நாகானோ மாகாணத்தில் ஒரு மலையில் தொடங்குகிறது. அங்கே ஒரு பழங்காலக் கல்லறையைத் தோண்டுகிறார்கள். உள்ளே அடைபட்டிருந்த குரோங்கி என்ற கூட்டம் விழித்துக்கொள்கிறது, தோண்டிய பேராசிரியரும் குழுவினரும் சாகிறார்கள். அங்கே கிடைத்த பெல்ட்டை யூசுகே என்ற ஊர்சுற்றி இளைஞன் இடுப்பில் கட்டிக்கொள்கிறான். ஜோ ஒடாகிரி நடித்திருக்கிறார். இன்றைக்கு அவர் பெரிய நடிகர். இதில் பார்க்கும்போது பக்கத்து வீட்டுப் பையன் மாதிரி இருக்கிறார்.

முதல் எபிசோடில் அவன் உருமாறினால் முழுதாக மாறவில்லை. வெள்ளையாக, கொம்பு குட்டையாக, அரைகுறையாக நிற்கிறான். இரண்டாவது எபிசோடில் இறந்த பேராசிரியரின் மகள் அழுவதைப் பார்க்கிறான். அதன் பிறகுதான், எரிந்துகொண்டிருக்கும் ஒரு தேவாலயத்துக்குள், போலீஸ்காரர் இச்சிஜோவிடம், இவர்களால் இனி யாரும் அழுவதைப் பார்க்கப் பிடிக்கவில்லை, எல்லாரும் சிரித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுச் சிவப்பாக மாறுகிறான். நெருப்பு இரண்டு பேரையும் சுற்றி எரிகிறது. அன்றைக்குப் போனில் தம்பி முதலில் சொன்னது: "அக்கா, அவன் கோபத்துல மாறல. கவனிச்சியா?" நான் கவனிக்கவில்லை. திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

இந்தத் தொடரில் எனக்கு மிகவும் பிடித்தது, எதற்கும் கணக்கு இருக்கிறது என்பது. ஒவ்வொரு காட்சியிலும் இடமும் நேரமும் திரையில் வரும். இன்ன வட்டாரம், காலை இத்தனை மணி இத்தனை நிமிஷம். போலீஸுக்கு யூசுகே ஆரம்பத்தில் இன்னொரு மிருகம்தான். அடையாளம் தெரியாத உயிரினம் 4 என்று எண் கொடுத்து அவனையும் சுடுகிறார்கள். பச்சை உருவத்துக்கு மாறினால் தூரத்துச் சத்தமெல்லாம் கேட்கும், ஆனால் 50 விநாடிதான் தாங்கும். தாண்டினால் இரண்டு மணி நேரம் உருமாற முடியாது. 18ஆவது எபிசோடில் விஷம் ஏறி அவன் இதயம் நின்றபோது டாக்டர் ட்சுபாகி மின்னதிர்ச்சி கொடுக்கிறார். பல வாரம் கழித்து அவனுக்கு வரும் புது சக்திக்குக் காரணம் அந்த மின்சாரம்தான். அந்த சக்தியோடு உதைத்தால் குரோங்கி வெடிக்கும்போது சுற்றிலும் மூன்று கிலோமீட்டர் சேதமாகிறது. அதனால் போலீஸ் முன்கூட்டியே ஆள் இல்லாத இடம் தேடி வைத்து, எதிரியை அங்கே தள்ளிக்கொண்டு போக வேண்டும். தம்பி ஓசூர் வரைபடத்தில் தன் அறையை நடுவில் வைத்து மூன்று கிலோமீட்டர் வட்டம் போட்டு அனுப்பினான். பஸ் ஸ்டாண்ட், மார்க்கெட், அவன் சாப்பிடும் மெஸ், எல்லாம் உள்ளே வந்துவிட்டது. அதன் பிறகு எந்த வெடிப்பையும் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை.

குரோங்கிகள் தங்களுக்குள் ஒரு மொழி பேசுவார்கள். ஜப்பானில் ஒளிபரப்பானபோது அதற்கு மொழிபெயர்ப்பு போடவில்லை. பார்த்தவர்கள் ஒன்றும் புரியாமல்தான் பார்த்திருக்கிறார்கள். எங்களுக்குக் கிடைத்ததில் ஆங்கில சப்டைட்டில் இருந்தது. தம்பி விடவில்லை. அட்டையை நீளமாக வெட்டி, அவர்கள் வரும்போதெல்லாம் லேப்டாப்பின் அடியில் வைத்து மறைக்க வேண்டும் என்றான். நானும் நாட்காட்டி அட்டையை வெட்டி வைத்துக்கொண்டேன். அது எவ்வளவு நல்ல யோசனை என்று போகப்போகத் தெரிந்தது. ஒருவன் மணிகளை நகர்த்தி எண்ணுகிறான், மற்றவர்கள் பார்க்கிறார்கள், நெற்றியில் ரோஜா பச்சை குத்திய பெண் நடுவர் மாதிரி நிற்கிறாள். "எத்தனை பேரைக் கொன்னாங்கன்னு எண்ணுறாங்கக்கா. இது விளையாட்டு" என்று தம்பி சீக்கிரமே சொல்லிவிட்டான். 22ஆவது எபிசோடின் தலைப்பே 'விளையாட்டு'. டோக்கியோவின் 23 வட்டாரங்களையும் அகரவரிசைப்படி எடுத்து, வட்டாரத்துக்கு ஒன்பது பேர் என்று கொல்கிறான் ஒருவன். அவர்கள் எண்ணுவதே ஒன்பதை அடிப்படையாக வைத்துத்தான்.

சரி, 12ஆவது எபிசோடுக்கு வருகிறேன்.

யூசுகே யாரைப் பார்த்தாலும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவான். அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது இதில் வருகிறது. சின்ன வயசில் அவன் அப்பா வெளிநாட்டில் இறந்துபோகிறார், புகைப்படக்காரர். உடைந்து உட்கார்ந்திருந்த பையனிடம் கன்சாகி என்ற ஆசிரியர்தான் அந்த விரலைக் காட்டுகிறார். இப்படிப்பட்ட நேரத்தில் அம்மாவும் தங்கையும் சிரிப்பதற்காகப் பாடுபடுகிறவனாக இரு என்கிறார். 2000ஆம் ஆண்டுக்குள் 2000 வித்தை கற்றுக்கொள்வதாக அவரோடு ஓர் ஒப்பந்தம். யூசுகேயின் பட்டியலில் முதல் வித்தை, சிரிப்பு.

எங்கள் அப்பா இறந்தபோது எனக்கு 14, தம்பிக்கு 9. வாசலில் சாமியானா போட்டிருந்தது. வந்த பெரியவர்கள் எல்லாரும் அவன் தலையில் கைவைத்து ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "இனிமே நீதான்டா இந்த வீட்டுக்கு ஆம்பள." அந்த எபிசோடு முடிந்ததும் நான் கன்சாகி சாரைப் பற்றி உருகிப் பேசினேன். டீச்சர் என்றால் இப்படி இருக்க வேண்டும், ஒரு பையனுக்கு என்ன அழகாகச் சொல்லியிருக்கிறார் என்றெல்லாம். தம்பி கேட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில், "அதுவும் பாரம்தானேக்கா" என்றான்.

"எது?"

"சிரிச்சுக்கிட்டே இருக்கிறது. பதினொன்னு பன்னெண்டு வயசுப் பையனுக்கு."

நான் அன்றைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்த வாரம்தான் நோட்டில் 'சிரிப்பு' பத்தியைத் தொடங்கினேன். எபிசோடுக்கு எத்தனை முறை யூசுகே மனசாரச் சிரிக்கிறான், எத்தனை முறை அடுத்தவர் பயப்படக் கூடாதே என்று சிரிக்கிறான் என்று பிரித்துக் குறித்தேன். என் வகுப்பில் 28 குழந்தைகள். காய், பழம் என்று விரலை வைத்தே சண்டையும் சமாதானமும் நடக்கும் இடம். எந்தச் சிரிப்பு எது என்று கண்டுபிடிப்பது எனக்குக் கஷ்டமில்லை.

நடுவில் பல எபிசோடுகள் சாதாரணம்தான். சண்டைகளில் சில இழுவை, அந்தக் காலத்துக் கிராஃபிக்ஸ் இன்றைக்கு எடுபடவில்லை. ஆனால் மனிதர்கள் வரும் இடங்கள் எதுவும் வீணாகவில்லை. எனோகிதா என்று ஒரு பெண் விஞ்ஞானி வருகிறார். போலீஸ் ஆய்வகத்தில் இரவு பகலாகத் துப்பாக்கிக்குண்டு வடிவமைக்கிறார், வீட்டில் சின்னப் பையன் காத்திருக்கிறான். கொடுத்த வார்த்தையைக் காப்பாற்ற முடியாமல் அவர் தவிக்கும் காட்சிகளைப் பற்றி மட்டும் மூன்று பக்கம் எழுதியிருக்கிறேன். யூசுகேயின் தங்கை மினோரி மழலையர் பள்ளி டீச்சர் என்பதால் அவள் வந்தாலே நிமிர்ந்து உட்காருவேன்.

34, 35ஆவது எபிசோடுகளை என்னால் மறக்க முடியாது. ஜராஜி என்ற குரோங்கி ஒரே பள்ளியின் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் 90 பேரை 12 நாளில் கொல்வதாகக் கணக்கு வைத்திருக்கிறான். மூளைக்குள் நுண்ணிய ஊசியைச் செலுத்திவிடுவான். நான்கு நாள் கழித்துத்தான் சாவு. இடைப்பட்ட நாட்களில் அந்தப் பையன்கள் பயப்படுவதைப் பார்த்து ரசிப்பதுதான் அவனுக்கு முக்கியம். சாவு வீட்டுக் காட்சியில் நான் நிறுத்திவிட்டேன். தம்பிக்குப் போன் செய்தேன். அவனும் நிறுத்தியிருந்தான். பத்து நிமிஷம் கழித்து இரண்டு பேரும் மறுபடி ஓடவிட்டோம்.

கடைசியில் யூசுகே ஜராஜியை அடிக்கிறான். முகத்தில் குத்துகிறான், குத்திக்கொண்டே இருக்கிறான். வசனம் இல்லை. வேறு எந்தத் தொடராக இருந்தாலும் நான் கைதட்டியிருப்பேன், அவனுக்கு வேண்டியதுதான் என்று சொல்லியிருப்பேன். இங்கே, போதும் யூசுகே, போதும் என்று வாய்விட்டே சொன்னேன். எல்லாம் முடிந்து நிற்கும்போது அவனுக்கு ஒரு காட்சி தெரிகிறது: கருப்பு உடம்பு, நான்கு கொம்பு, கருப்புக் கண்களோடு அவனே நிற்கிறான். தன்னை இழந்தால் அதுவாகத்தான் ஆவான். அந்த வாரம் 'சிரிப்பு' பத்தியில் ஒன்றும் எழுதவில்லை.

47ஆவது எபிசோடில் அவன் ஒவ்வொருவராகப் பார்த்து விடைபெறுகிறான். 48இல் பனி மூடிய மலையில் குரோங்கிகளின் தலைவன் டகுபாவோடு சண்டை. யூசுகே அந்தக் கருப்பு உருவத்துக்கே மாறுகிறான், ஆனால் கண்கள் மட்டும் சிவப்பு. "சிவப்பு! அக்கா, சிவப்பு!" என்று தம்பி விதியை மீறி நடுவிலேயே மெசேஜ் அனுப்பிவிட்டான். அப்புறம் இரண்டு பேருக்கும் சக்தி தீர்ந்து மனித உருவம் வந்துவிடுகிறது. பனியில் ரத்தம் தெறிக்க வெறும் கையால் குத்திக்கொள்கிறார்கள். டகுபா சிரிக்கிறான். யூசுகே அழுதுகொண்டே குத்துகிறான். முகமூடிக்குள் 47 வாரமும் இந்த முகம்தான் இருந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

48ஆவது எபிசோடின் தலைப்பு 'கூகா'. 49ஆவதின் தலைப்பு 'யூசுகே'. கடைசி எபிசோடில் கூகா வரவே இல்லை. மூன்று மாதம் கழித்து இச்சிஜோ ஒவ்வொருவராகப் போய்ப் பார்க்கிறார், எல்லாரும் யூசுகேயைப் பற்றிப் பேசுகிறார்கள். மினோரி தன் வகுப்புக் குழந்தைகளிடம், 4ஆம் எண் தேவைப்படாத உலகம்தான் நல்லது என்கிற மாதிரிப் பேசுகிறாள். அண்ணனைப் பற்றித்தான் சொல்கிறாள், குழந்தைகளுக்கு அது தெரியாது. நான் என் வகுப்பில் நின்று அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன், மனசுக்குள்.

யூசுகே எங்கோ ஒரு வெளிநாட்டுக் கடற்கரையில் இருக்கிறான். குழந்தைகள் முன்னால் பந்துகளை மாற்றி மாற்றி எறிந்து பிடித்துக் காட்டுகிறான்.

அன்றைய போன் இரண்டு மணி நேரத்தைத் தாண்டியது. தம்பிக்கு அந்த முடிவில் கோபம். "வீட்டுக்கு வரலையேக்கா. தங்கச்சி அங்க இருக்கா, எல்லாரும் இருக்காங்க. இவன் பாட்டுக்குப் பந்து எறிஞ்சுக்கிட்டு இருக்கான்."

"யாராவது அவனைத் திரும்பி வான்னு கூப்பிட்டாங்களா, பாத்தியா?" என்றேன்.

யோசித்தான். "இல்ல."

"நல்லா இருக்கியான்னுதான் நினைச்சுக்கிறாங்க. அவ்வளவுதான். அவன் யாருக்காகவும் இப்ப சிரிக்க வேண்டியதில்ல."

அதற்கு அவன் பதில் சொல்லவில்லை. மெஸ்ஸுக்குப் போக வேண்டும், நேரமாகிவிட்டது என்றான். வைக்கப்போகிறான் என்று நினைத்தேன். "அக்கா, அன்னிக்கு சாமியானாவுக்குக் கீழ நான் அழவே இல்ல, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டான். இருக்கிறது என்றேன். ராத்திரி மாட்டுக்கொட்டகையில் போய் அழுதான் என்பதும் எனக்குத் தெரியும், அதையும் சொன்னேன். "பாத்தியா?" என்றான். பார்த்தேன்டா, பக்கத்தில் வரத்தான் தெரியவில்லை என்றேன்.

அன்றைக்கு மாலைதான் நோட்டில் கடைசிப் பக்கத்தை எழுதினேன். 49, 'யூசுகே', இரண்டு எழுத்து வரைந்தேன். பச்சை மையில் தம்பி சொன்னது. ஓரத்துப் பத்தியில், சிரிப்பு: 1, மனசார.