ஓ3 தொட மறுக்கும் கூட்டல்

சி நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரான ஜிசிசிக்கு, எவ்வளவு வேகப்படுத்த வேண்டும் என்ற நிலை (ஓ0, ஓ1, ஓ2, ஓ3) எதையும் சொல்லாமல் ஒரு நிரலைக் கொடுத்தால் அது ஓ0 நிலையில் கம்பைல் செய்கிறது. அந்த நிலையில் மாறிகள் எல்லாம் நினைவகத்தின் ஒரு பகுதியான ஸ்டேக்கிலேயே கிடக்கும்; லூப்பின் எண்ணிகூட ஒவ்வொரு சுற்றிலும் அங்கிருந்து படிக்கப்பட்டு, ஒன்று கூட்டப்பட்டு, மறுபடியும் அங்கேயே எழுதப்படும். பிழை தேட உதவும் டிபக்கரில் வரிவரியாகப் பார்ப்பதற்கு வசதிதான், வேகத்துக்கு ஆகாது. ஓ1 கொடுத்தால் அவை செயலிக்குள்ளேயே இருக்கும் வேகமான சேமிப்பிடமான ரெஜிஸ்டருக்குப் போய்விடுகின்றன. நான் எழுதும் நிரல்களில் பெரிய வித்தியாசம் பெரும்பாலும் இந்த ஒரு படியிலேயே தெரிந்துவிடுகிறது.

ஒருமுறை நூறு கோடிச் சுற்று லூப் ஒன்றை ஓ2வில் ஓட்டினேன்; ஓடிய நேரம் ஏறக்குறைய சுழியம். கம்பைலர் உருவாக்கிய கட்டளைகளை, அதாவது அசெம்பிளியைப் பார்த்தால் லூப்பே இல்லை. விடையை நான் எங்கும் அச்சிடாததால், தேவையற்ற வேலை என்று கம்பைலர் அதை நீக்கியிருந்தது. அளந்தது வெறுமையைத்தான்.

ஓ3இன் கதை வேறு. முழு எண் வரிசை ஒன்றைக் கூட்டும் லூப்பை அது 128 பிட் ரெஜிஸ்டர்களில் நான்கு நான்காகக் கூட்டும்படி மாற்றுகிறது. (2022இல் வந்த ஜிசிசி 12 முதல் ஓ2வும் இதை ஓரளவு செய்கிறது.) அதே வரிசையை ஃப்ளோட் (சில இலக்கங்கள் வரை மட்டுமே துல்லியமான தசம எண் வகை) ஆக்கினால் கூட்டல் மீண்டும் ஒவ்வொன்றாகவே நடக்கிறது. காரணம் சோம்பல் அன்று. ஃப்ளோட்டில் 16777216 உடன் 1 கூட்டினால் 16777216தான். இன்னொரு 1 கூட்டினாலும் அதேதான். இரண்டு 1களை முதலில் சேர்த்துக்கொண்டு கூட்டினாலோ 16777218 வரும். கூட்டும் முறைவரிசையை மாற்றினால் விடை மாறும் என்பதால், அதற்கு நம் அனுமதி வேண்டும்.

ஓஃபாஸ்ட் என்ற இன்னொரு நிலை அந்த அனுமதியை மொத்தமாகக் கொடுத்துவிடுகிறது. ஆனால் NaN எனும் ‘எண் அல்லாத’ மதிப்பே வராது என்றும் அது எடுத்துக்கொள்வதால், அதைச் சோதிக்க நாம் எழுதிய இஃப் வரி சத்தமில்லாமல் காணாமல் போகலாம். எனக்கு அது அதிக விலையாகப் பட்டது. லினக்ஸ் கெர்னலின் வழக்கமான நிலையான ஓ2விலேயே நிறுத்திக்கொண்டு, அந்த ஒரு லூப்பில் மட்டும் நான்கு தனித்தனிக் கூட்டுத்தொகைகளை வைத்துக் கடைசியில் சேர்த்தேன். முந்தைய கூட்டலுக்காக அடுத்தது காத்திருக்க வேண்டியதில்லை என்பதால் அதுவே போதுமான வேகத்தைத் தந்தது.