செகிரோ: அஷினா கோட்டையின் உச்சி வரை

‘செகிரோ: ஷேடோஸ் டை ட்வைஸ்’ என்ற வீடியோ கேம் வெளியானது 2019 மார்ச் 22 அன்று. அந்த ஆண்டே ‘தி கேம் அவார்ட்ஸ்’ மேடையில் ஆண்டின் சிறந்த விளையாட்டு என்ற விருதையும் வாங்கிவிட்டது. நான் அதைக் கையில் எடுத்தது இந்த மழைக்காலத்தில்தான். இன்னும் பாதி தூரம்கூட வரவில்லை. ஆனால் கெனிச்சிரோ என்ற பெரிய எதிரியை வீழ்த்தியாகிவிட்டது. செகிரோ ஆடியவர்களிடம் அந்தப் பெயரைச் சொன்னால் போதும், மற்றதை அவர்களே புரிந்துகொள்வார்கள். அதுவரை வந்த வழியைக் கைப்பழக்கம் ஆறுவதற்குள் எழுதி வைக்கிறேன். முன்பாதிக் கதை இதில் வெளிப்படும். இனிமேல்தான் ஆடப்போகிறீர்கள் என்றால் அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

முதலில் கணினி. எங்கள் வீட்டில் இருப்பது 8 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு உள்ள பழைய பெட்டி. செகிரோவுக்குக் குறைந்தபட்சத் தேவை 4 ஜிபி ரேமும் ஜிடிஎக்ஸ் 760 கார்டும். பரிந்துரைப்பது 8 ஜிபியும் ஜிடிஎக்ஸ் 970 கார்டும். எங்கள் கார்டு இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வட்டில் 25 ஜிபி இடம் இருந்தால் போதும். நொடிக்கு 60 ஃபிரேம் என்பது விளையாட்டுக்குள்ளேயே வைத்திருக்கும் மேல்வரம்பு. அதைத் தாண்ட வேண்டியதில்லை, ஆனால் அதிலிருந்து இறங்கவும் கூடாது. வாள் மேலே விழும் கணத்தில் படம் ஒரு துளி தயங்கினால் தடுப்பு தவறிவிடும். அதனால் அழகைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தேன். நிழல்களின் தரத்தைக் குறைத்தேன், மூடுபனி போன்ற ஒளி வேலைப்பாடுகளைக் குறைத்தேன், அசைவில் படம் மங்கும் மோஷன் பிளரை அறவே அணைத்தேன். அதன்பின் 60இல் அசையாமல் நின்றது. விளையாட்டை எஸ்எஸ்டி வட்டில் வைப்பதும் நல்லது. இதில் அடிக்கடி சாகப்போகிறோம். ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் மறுபடி ஏற்றும் நேரம் குறைவாக இருந்தால்தான் சூடு ஆறாமல் திரும்பிப் போய் நிற்க முடியும். கணினியை டிவியில் இணைத்து ஆடுகிறவர்கள் டிவியின் கேம் மோடை மறக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். படத்தை மெருகேற்றுவதற்காக டிவி எடுத்துக்கொள்ளும் சிறு தாமதம் படம் பார்க்கும்போது தெரியாது. இங்கே அது உயிரை வாங்கும்.

கன்ட்ரோலர் வைத்து ஆடுவதுதான் முறை என்று பலரும் சொல்கிறார்கள். நான் மவுஸிலும் கீபோர்டிலுமே ஆடுகிறேன், மாற்றும் எண்ணமும் இல்லை. இடது பொத்தான் வெட்டு, வலது பொத்தான் தடுப்பு. இந்த விளையாட்டின் முழு வாழ்வும் அந்த இரண்டு விரல்களில்தான் இருக்கிறது.

ஜப்பானில் உள்நாட்டுப் போர்கள் நடந்த செங்கோகு காலத்தின் கடைசி நாட்கள். அஷினா என்ற கற்பனை மலைநாடு அழியும் விளிம்பில் இருக்கிறது. தெய்வ இரத்தம் ஓடும் குரோ என்ற சிறுவனையும், அவனைக் காக்க வேண்டிய ஓநாய் என்ற ஷினோபி (நிஞ்சா) வீரனையும் சுற்றித்தான் கதை. அந்த ஓநாயாகத்தான் நாம் ஆடுகிறோம். தொடக்கத்திலேயே நாணல் காட்டில் கெனிச்சிரோ அஷினா நம் இடது கையை வெட்டி எறிந்துவிட்டுச் சிறுவனைக் கொண்டுபோய்விடுகிறான். ஒரு பாழடைந்த கோயிலில் கண் விழித்தால், புத்தர் சிலைகளைச் செதுக்கிக்கொண்டே இருக்கும் ஒரு கிழவர் தன்னிடமிருந்த மரக்கையை நமக்குப் பொருத்தியிருக்கிறார். அவர் செதுக்கும் முகங்களில் அமைதியே வருவதில்லை. எல்லாம் சினம் கொண்ட முகங்கள். இதை உருவாக்கிய ஃபிரம்சாஃப்ட்வேர் நிறுவனமும் இயக்குநர் ஹிடெடாகா மியாசாகியும் கதை சொல்லும் வழி இதுதான். யாரும் உட்கார்ந்து விளக்கமாட்டார்கள். சிலையைப் பார், முகத்தைப் பார், நீயே தெரிந்துகொள்.

இனி சண்டை. இந்த விளையாட்டின் மேல் எனக்கு வந்திருக்கும் மரியாதை எல்லாம் இங்கிருந்துதான்.

ஒவ்வொருவருக்கும் இரண்டு பட்டைகள். ஒன்று உயிர். மற்றொன்று போஸ்ச்சர், காலூன்றி நிற்கும் வலு. எதிரியின் போஸ்ச்சர் பட்டை நடுவிலிருந்து இரு பக்கமும் விரிந்து நிறைந்துவிட்டால் அவன் நிலைகுலைவான்; நெஞ்சில் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும்; ஒரே குத்தில் முடிந்தது, அவன் உயிர்ப் பட்டை எவ்வளவு மிச்சம் இருந்தாலும் சரி. அந்தப் பட்டை நிறைய இரண்டு வழிகள். நாம் வெட்டுவது ஒன்று. அவன் வெட்டும் சரியான கணத்தில் நாம் தடுப்புப் பொத்தானைத் தட்டுவது இன்னொன்று. அதாவது அவன் நம்மைத் தாக்கத் தாக்க அவனே நிலைகுலைந்துகொண்டு வருகிறான். தள்ளிப் போய் நின்று மூச்சு வாங்கினால் அவன் பட்டை மெல்ல இறங்கிப் பழைய நிலைக்குப் போய்விடும், அதுவரை பட்ட பாடெல்லாம் வீண். எனவே எதிரியின் முகத்துக்கு நேரே நின்றே ஆக வேண்டும். உருண்டு தப்பி, சமயம் பார்த்து ஓர் அடி அடித்துவிட்டு ஓடும் பழக்கத்தை மற்ற விளையாட்டுகளில் பல ஆண்டுகளாக வளர்த்திருப்போம். செகிரோ அதற்கு இடமே தருவதில்லை.

இதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. உயிர் குறையக் குறைய போஸ்ச்சர் ஆறுவதும் மெதுவாகிறது. அதனால் சண்டையின் முதல் பகுதியில் வெட்டுகளால் எதிரியின் உயிரைக் கொஞ்சம் சுரண்டிவிட வேண்டும். பிறகு அவன் பட்டை இறங்கத் திணறும், தடுப்புகளாலேயே முடித்துவிடலாம். நமக்கும் இதே சட்டம்தான். தடுப்புப் பொத்தானை அழுத்தியபடியே நின்றால் நம் போஸ்ச்சர் வேகமாக ஆறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டை நிறைந்துவிட்ட நிலையிலும் சரியான கணத்தில் தட்டினால் நாம் நிலைகுலைய மாட்டோம் என்பதுதான் உச்சம். விளிம்பில் நின்றபடி கைத்திறனால் மட்டுமே பிழைத்துக் கிடக்கும் அந்தச் சில நொடிகளுக்கு ஈடாக வேறெந்த விளையாட்டிலும் நான் எதையும் கண்டதில்லை.

பொத்தானைச் சடசடவென்று தட்டிக்கொண்டே இருந்தால் ஏதாவது ஒன்று சரியாக விழாதா என்று தோன்றும். அதற்கும் கதவு அடைத்திருக்கிறார்கள். அடுத்தடுத்து தட்டினால் சரியான கணத்தின் அகலம் சுருங்கிவிடும்.

இதைப் பழக ஏற்ற இடம் பாழடைந்த கோயில்தான். அங்கே ஹான்பெய் என்ற போர்வீரன் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்குச் சாவு வராது. சாக வேண்டும் என்பதே அவன் ஆசை, ஆனால் முடிவதில்லை. அதனால் நமக்குப் பயிற்சி தர முன்வருகிறான். வெட்டிச் சாய்த்தால் கொஞ்ச நேரத்தில் எழுந்து நின்று மறுபடி வாள் ஓங்குவான். புதிய பாஸ், அதாவது பெரிய எதிரி ஒருவனிடம் போவதற்கு முன் சிறிது நேரம் அவனோடு மோதிவிட்டுப் போவதை வழக்கமாக்கிக்கொண்டேன். அங்கேதான் ஒலியைக் கவனிக்கத் தொடங்கினேன். வெறும் தடுப்பு என்றால் மொத்தையான ஒரு ‘டக்’. சரியான கணத்தில் தட்டினால் ‘டிங்’ என்று கூர்மையாக எஃகு ஒலிக்கும், தீப்பொறியும் பெரிதாகத் தெறிக்கும். ஹெட்போன் போட்டு ஆடியபின் கண்ணைவிடக் காதுதான் முதலில் கற்றுக்கொண்டது. எதிரியின் வாளைப் பார்த்துத் தட்டுவது ஒரு கட்டம். முந்தைய ஒலியைக் கேட்டு அடுத்ததற்கு விரல் தானாகப் போவது அடுத்த கட்டம்.

கோட்டைக்குப் போகும் வழியில் சங்கிலியில் கட்டப்பட்ட செங்கண் ராட்சதன் ஒருவன் இருக்கிறான். வாள் கிடையாது, பிடித்துத் தூக்கி எறிவான். அந்தப் பிடிக்குத் தடுப்பு பயன்படாது. செங்கண் கொண்டவர்கள் நெருப்புக்கு அஞ்சுவார்கள் என்று அருகிலேயே ஒட்டுக்கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நெருப்பு கிடைக்குமிடம் ஹிராடா மாளிகை. ஒரு கிழவி தரும் மணியைக் கோயிலில் உள்ள புத்தர் முன் வைத்தால் பழைய நினைவின் வழியாக அங்கே போய்ச் சேர்கிறோம். அங்கிருந்து கொண்டுவந்த பொருளைச் சிற்பியிடம் கொடுத்தால் மரக்கையில் தீ உமிழும் குழாய் பொருத்தித் தருகிறார். ராட்சதன் கதை அதோடு முடிந்தது.

அடுத்து குதிரை மேல் வரும் கியோபு. பெரிய போர்க்களத்தில், பெரிய ஈட்டியோடு, தன் பெயரை உரக்க முழங்கியபடி பாய்ந்து வருகிறான். ஜப்பானியக் குரல்களையே வைத்துக்கொள்ளுங்கள். அந்த முழக்கம் வேறு மொழியில் சரிப்படாது. அவன் விலகி ஓடும்போது கயிற்றுக் கொக்கியை அவன் மேலேயே வீசிப் பறந்து போய் வெட்டலாம் என்று கண்டுபிடித்த கணம் மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது. நினைவுக்கூட்டம் என்ற பெயரில் போர்க்கள எச்சங்களை விற்கும் வியாபாரியிடம் வாங்கிய பட்டாசையும் மரக்கையில் பொருத்தியிருந்தேன். வெடித்தால் குதிரை மிரண்டு நிற்கும். பட்டாசு வெடித்து ஒரு தளபதியை வீழ்த்திய திருப்தி தனி.

சாவுக்கு இங்கே விலை உண்டு. கையில் உள்ள காசில் பாதியும், அடுத்த திறன் புள்ளிக்காகச் சேர்த்த அனுபவத்தில் பாதியும் போகும். ஏற்கெனவே புள்ளியாகிவிட்டது போகாது. அதனால் ஒரு பாஸை நெருங்குவதற்கு முன் புள்ளியை நிறைத்துக்கொண்டும் காசைப் பொருளாக மாற்றிக்கொண்டும் போனால் இழக்க ஒன்றும் இருக்காது. நாம் திரும்பத் திரும்பச் செத்துப் பிழைப்பதால் சுற்றியிருக்கும் மனிதர்களுக்கு டிராகன் நோய் என்ற இருமல் வருகிறது. மணி கொடுத்த அந்தக் கிழவி இருமுவதைக் கேட்டபோது மனம் கனத்தது. நோயால் யாரும் சாவதில்லை. எம்மா என்ற மருத்துவர் வழி கண்டுபிடித்ததும் குணமாக்கிவிடலாம்.

அன்றாட வாழ்க்கைக்குச் சாதகமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இதே நிறுவனத்தின் ‘டார்க் சோல்ஸ்’ போன்ற விளையாட்டுகளைப் போலில்லாமல் செகிரோவில் எந்த இடத்திலும் விளையாட்டை நிறுத்தி வைக்கலாம். பாஸின் வாள் தலைக்கு மேலே நிற்க, நான் போய் சிலிண்டர்காரருக்குக் கதவைத் திறந்துவிட்டு வந்திருக்கிறேன்.

இப்போது கெனிச்சிரோ. கோட்டையின் உச்சித் தளம், பளபளக்கும் மரத்தரை, சுற்றிலும் திறந்த வானம். இவனுக்கு ஒரே குத்து போதாது, மூன்று முறை சாய்க்க வேண்டும்.

அதுவரை கற்ற எல்லாவற்றையும் அவன் ஒவ்வொன்றாகக் கேட்கிறான். தொடர்ச்சியாகச் சுழன்று வெட்டும் ஒரு வீச்சு அவனிடம் உண்டு. வெட்டுகளுக்கு இடையே உள்ள நேரம் சமமில்லை, அதனால் சீரான வேகத்தில் தட்டினால் நடுவில் தவறிவிடும். மிருதங்கச் சொற்கட்டை மனப்பாடம் செய்வதுபோல அதை வாய்விட்டுச் சொல்லிப் பழகினேன். வாய் பழகிய பிறகு விரல் பின்னால் வந்துவிட்டது. வில்லும் வைத்திருக்கிறான். உயிர் குறைகிறதே என்று மருந்து உள்ள சுரைக்குடுக்கையை எடுத்து வாயில் வைத்தால் அந்த நொடியே அம்பு வரும். எனவே குடிப்பதற்கான நேரம் அவன் ஒரு வீச்சை முடித்துத் தளரும்போதுதான், வேறு நேரம் கிடையாது.

அவனிடம் நான் அதிகம் கற்ற இடம் இது. உயரத் தாவி ஓங்கி வெட்டியபடி இறங்குகிறான். அதைத் தட்டியதும் தலைக்கு மேல் சிவப்பு எழுத்து எரிகிறது. சிவப்பு எழுத்து வந்தால் வழக்கமான தடுப்பை நம்பியிருக்கக் கூடாது. அடுத்து வருவது குத்தாகவும் இருக்கலாம், காலை வாரும் வீச்சாகவும் இருக்கலாம். எழுத்து இரண்டுக்கும் ஒன்றுதான். பதில்கள் மட்டும் நேரெதிர். குத்து என்றால் முன்னோக்கிப் பாய வேண்டும். மிகிரி என்ற திறனைக் கற்றிருந்தால் ஓநாய் அவன் வாளைத் தரையோடு மிதித்து அழுத்திவிடுவான், கெனிச்சிரோவின் போஸ்ச்சர் ஒரே எட்டில் எகிறும். காலை வாரும் வீச்சு என்றால் மேலே குதித்து அவன் தலையில் மிதிக்க வேண்டும். எழுத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவன் உடம்பைப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் விடை கிடைத்தது. குத்தப் போகிறவன் வாளைப் பின்னுக்கு இழுத்து முனையை நம் பக்கம் நீட்டுகிறான். வாரப் போகிறவன் உடம்பைத் தாழ்த்துகிறான். இந்த ஒன்றைக் கண்ணுக்குப் பழக்கியதும் அவனுடைய மிக ஆபத்தான வீச்சே எனக்கு மிகப் பிடித்த வாய்ப்பாகிவிட்டது. வரட்டும் என்று காத்திருக்க ஆரம்பித்தேன்.

இரண்டு முறை சாய்ந்தபின் கவசத்தைக் களைந்துவிட்டு மின்னலோடு எழுகிறான். பார்க்க நடுக்கமாக இருந்தாலும் இதற்கு ஒரு கணக்கு உண்டு. மின்னலைத் தரையில் நின்று வாங்கக் கூடாது. குதித்து, அந்தரத்தில் அதை வாளில் ஏந்தி, கால் தரையைத் தொடுவதற்குள் வெட்டிவிட்டால் அந்த மின்னல் அவனையே தாக்கும். முதல் முறை அது பலித்தபோது நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். பிறகு நடந்தது நீண்ட நேரம் எடுக்கவில்லை. சிவப்புப் புள்ளி தெரிந்தது, இடது பொத்தானை அழுத்தினேன்.

வீழ்த்தியபின் முன்பு கடந்து வந்த இடங்களுக்கே திரும்பிப் போய்ப் பார்த்தேன். ஆரம்பத்தில் சுவரோரம் பதுங்கிக் கடந்த வாள்வீரர்களை இப்போது எதிரே நடந்து போய்ச் சந்திக்க முடிகிறது. ஓநாயின் உயிர்ப் பட்டை ஜெபமணிகளால் சற்று நீண்டிருக்கிறது என்றாலும் அது சிறிய மாற்றமே. வளர்ந்தது விரலும் காதும். கடின அளவைக் குறைக்கும் வசதி இந்த விளையாட்டில் இல்லாததை முன்பெல்லாம் ஒரு குறையாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். உடல் காரணங்களால் வேகமாகத் தட்ட முடியாதவர்களுக்கு அது உண்மையிலேயே ஒரு தடைதான், அவர்களுக்கு வழி செய்திருக்கலாம். எனக்கோ அந்த மதில் குனியாமல் நின்றதால்தான் ஏறக் கற்றுக்கொள்ள முடிந்தது.

இப்போது கதை பல திசைகளில் பிரிகிறது. சென்போ மலைக்கோயில் பக்கம் போய்க்கொண்டிருக்கிறேன். அங்கே துறவிகள் கம்போடு பாய்கிறார்கள், அவர்களுடைய வேகம் முற்றிலும் வேறு. ஹிராடா மாளிகையில் பட்டாம்பூச்சிச் சீமாட்டியை இன்னும் தொடவில்லை. அவளுடைய மாயத் தோற்றங்களைக் கலைக்கும் விதைகளைச் சேர்த்து வைத்திருக்கிறேன். 2020 அக்டோபரில் இலவசமாக வந்த மேம்பாட்டினால், ஒருமுறை வென்ற பாஸோடு, வழியெங்கும் ஓய்விடங்களாக இருக்கும் சிற்பியின் சிலைகளிலிருந்து மீண்டும் மோதலாம். எனவே இரவில் மலைக்கோயிலுக்குக் கிளம்பும் முன் கெனிச்சிரோவைக் கூப்பிட்டு ஒரு சுற்று ஆடிவிடுகிறேன். சுரைக்குடுக்கையைத் தொடாமல் மின்னல் கட்டம் வரை போக முடிகிறது. முழுவதும் அப்படியே முடிக்க வேண்டும்.