வழக்கு வழியாக வரும் சிகிச்சை: டர்பன் பணிக் குறிப்புகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் தீவிர மனநோய் உள்ள ஒருவர் நீதிமன்றத்துக்கு வந்து சேர்வது பெரும்பாலும் சொந்த வீட்டு வாசலிலிருந்துதான். மாத்திரையை நிறுத்திய மகன் கதவை உடைக்கிறான், தடுக்கப்போன அம்மாவைத் தள்ளிவிடுகிறான். அம்மா 1998-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் பாதுகாப்பு ஆணை வாங்குகிறார். ஆணையோடு கைது வாரண்டும் சேர்ந்தே வரும்; ஆணையை மீறாதவரை அது நிறுத்திவைக்கப்பட்டிருக்கும். மறுபடி ரகளை நடந்தால் ஒரு பிரமாணப் பத்திரம் போதும், போலீஸ் பிடித்துப்போகும். 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அந்த அம்மாவுக்கு வேண்டியிருந்ததோ மகனுக்கு ஓர் ஊசி.

இந்த நாட்டில் மனநலத்துக்கென்று தனி நீதிமன்றம் கிடையாது. அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் புரோவர்ட் கவுண்டியில் 1997-இலேயே தொடங்கிவிட்டார்கள். கலிஃபோர்னியாவில் 2022-இல் சட்டமாகி, 2023 அக்டோபரிலிருந்து சில கவுண்டிகளில் நடைமுறைக்கு வந்த ‘கேர்’ திட்டத்துக்குக் குற்ற வழக்கே தேவையில்லை. குடும்பத்தாரே மனுப் போடலாம். சிகிச்சை ஒப்பந்தம் 12 மாதம், மேலும் 12 மாதம் நீட்டலாம், மருந்தை வலுக்கட்டாயமாக ஏற்ற முடியாது. இங்கே அதற்கு ஈடானதைப் பிராசிக்யூட்டர், சட்ட உதவி வழக்கறிஞர், கிளினிக் நர்ஸ், சமூகப் பணியாளர் நால்வரும் வழக்குக்கு வழக்கு பேசி உண்டாக்க வேண்டியிருக்கிறது.

சட்டத்தில் இடம் இருக்கிறது. 1977-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 77-ஆம் பிரிவை எடுத்தால், விசாரணையைப் புரிந்துகொள்ளும் நிலையில் ஆள் இருக்கிறாரா என்று மருத்துவர்கள் பார்க்க வேண்டும். மருத்துவமனைக் கண்காணிப்பு என்றால் ஒரு தடவைக்கு 30 நாள் வரை. டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் அதற்கான இடம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் ஃபோர்ட் நேப்பியர் மனநல மருத்துவமனை. படுக்கை கிடைக்கும்வரை காவலில் காத்திருக்க வேண்டும். சன்னலை உடைத்த வழக்கில், குற்றம் உறுதியானாலும் கிடைத்திருக்காத சிறைவாசத்தை ஆள் அந்தக் காத்திருப்பிலேயே அனுபவித்துவிடுகிறார். அதனால் ஆள் பேசிப் புரிந்துகொள்கிற நிலையில் இருந்தால், வேறு வழிதான் நல்லது: பிராசிக்யூட்டர் சில வாய்தாக்கள் கொடுத்து, சிகிச்சை தொடர்ந்தால் வழக்கை வாபஸ் வாங்குவது. அல்லது அதே சட்டத்தின் 297-ஆம் பிரிவின்படி, சிகிச்சையை நிபந்தனையாக வைத்துத் தண்டனையை 5 ஆண்டு வரை தள்ளிவைப்பது. முதல் வழியில் ஒரு கண்ணி உண்டு. வழக்கிலிருந்து விலக்கிவிடும் திட்டங்கள் பொதுவாக ‘நான்தான் செய்தேன்’ என்ற ஒப்புதலைக் கேட்கும். சம்பவத்தின்போது காதில் குரல் கேட்டுக்கொண்டிருந்தவர் அதில் கையெழுத்துப் போடுமுன் வழக்கறிஞர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும்.

நீதிமன்ற லாக்கப்பில் ‘சிகிச்சைக்கு வர்றியா தம்பி?’ என்று கேட்டால் யாராயிருந்தாலும் ‘வர்றேங்க்கா’ என்றுதான் சொல்வார். வீட்டுக்குப் போகக் கிடைத்த வழி அது. அந்தப் பதிலை ஃபைலில் எழுதிக்கொள்ளலாம், ஆனால் அதை நம்பித் திட்டம் போடக்கூடாது. சில நாள் தூங்கி, சாப்பிட்டு, வெளியே வந்தபின் மறுபடி கேட்க வேண்டும். அப்போது நான்கு விஷயம் தெளிவாகச் சொல்லப்பட வேண்டும்: என்ன மருந்து, எத்தனை மாதம், மறுத்தால் வழக்கு என்ன ஆகும், நடுவில் விட்டால் என்ன ஆகும். 2002-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தானாக வருபவர், முடிவெடுக்க இயலாதவர், மறுப்பவர் என்று மூன்று வகையாகப் பிரிக்கிறது. மூன்றாவது வகைக்கு விண்ணப்பம், 72 மணி நேர மதிப்பீடு, மறுஆய்வு வாரியம் என்று தனிப் பாதுகாப்புகள் உண்டு. மறுப்பவரை மிரட்டி ‘தானாக வந்தார்’ என்று எழுதினால் அந்தப் பாதுகாப்பு அத்தனையும் பறிபோகிறது. ‘விருப்பச் சிகிச்சை’ என்ற பெயரில் நடக்கும் பெரிய அநியாயம் இதுதான்.

மனநோய்க்கு ஊசி போட்டுக்கொள்பவர்கள் சிலருக்கு உட்கார முடியாத தவிப்பு வரும். கூண்டில் நின்றபடி வலதுகால், இடதுகால் என்று மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டே இருப்பார்கள். பார்க்கிறவர்களுக்கு அது திமிராகவோ போதையாகவோ தெரியும். ‘இது மருந்தின் பக்கவிளைவு’ என்று வழக்கறிஞர் கையில் ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட வேண்டும். டோஸைச் சரிசெய்ய டாக்டரிடமும் அனுப்ப வேண்டும்.

முகவரிதான் அடுத்த தலைவலி. பாதுகாப்பு ஆணை ‘வீட்டுக்குள் நுழையக்கூடாது’ என்று இருந்தால் ஜாமீனுக்கு முகவரி இல்லை, எந்த கிளினிக்கின் எல்லை என்பதும் தெரியாது, தபாலும் போய்ச் சேராது. அம்மாவே திருத்தம் கேட்டு மனுப் போடலாம்: வீட்டில் இருக்கட்டும், கை வைக்கக்கூடாது, குடித்துவிட்டு வரக்கூடாது என்று. அம்மாவுக்குப் பயம் இருந்தால் அந்த மனுவைக் கேட்கவே கூடாது. வேறு தங்குமிடம் பார்க்கும்போது முதலில் உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். கவ்டெங் மாகாணத்தில் லைஃப் எசிதிமேனி என்ற மனநலக் காப்பகத்திலிருந்து நோயாளிகளைத் தகுதியில்லாத அமைப்புகளுக்கு மாற்றியதில் 144 பேர் இறந்தார்கள்.

மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் மாத்திரை எடுப்பவர் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறார் என்றால் கட்டாயம் பேச வேண்டும். டர்பனில் அது கொளுத்தும் கோடை. விரதம், வியர்வை, குறைந்த தண்ணீர், இவற்றால் இரத்தத்தில் லித்தியம் ஏறும். நடந்த வலிக்கு இபுப்ரோஃபென் போட்டால் இன்னும் ஏறும். கை நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம் கண்டால் அருள் வந்திருக்கிறது என்று விட்டுவிடாமல் நேரே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். விரதத்தை நிறுத்தச் சொன்னால் மருந்தைத்தான் நிறுத்துவார்கள். டாக்டரைக் கேட்டு, தண்ணீரும் உப்பும் வழக்கம்போல இருக்கும்படி விரதத்தை அமைத்துக்கொண்டு, முன்கூட்டியே இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம். கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து இரத்தம் எடுத்தால்தான் அளவு சரியாக இருக்கும்.

நீதிமன்றத்துக்குப் போகும் அறிக்கையில் வந்தாரா, இல்லையா, அடுத்த தேதி எது என்பது மட்டும் போதும். அவர் டாக்டரிடம் என்ன சொன்னார் என்பது அதில் இருக்கவே கூடாது. அது எழுதப்படுகிறது என்று தெரிந்தால் அடுத்த தடவை அவர் வாயைத் திறக்கமாட்டார்.

வாய்தாத் தேதி ஊசித் தேதியோடு மோதாமல் பார்ப்பது சமூகப் பணியாளர் வேலை. பல நீண்டகால ஊசிகள் 4 வாரத்துக்கு ஒருமுறை. காலையில் நீதிமன்ற வராந்தாவில் உட்கார்ந்தவர் மதியம் கிளினிக்குக்குப் போய்ச் சேர்வதற்குள் வரிசை முடிந்திருக்கும். ஈஸ்டர் வாரத்தில் நாலு நாள் விடுமுறை, வெள்ளிக்கிழமை இசிப்பிங்கோ மாரியம்மன் கோவிலில் கூட்டம்; அந்த மாதம் டாக்டரைக் கேட்டு ஊசியை இரண்டு நாள் முன்னதாகப் போட்டுவிட்டு, கார்டில் அடுத்த தேதியைப் பேனாவால் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.